இன்னும் ஒரு தட்டு

ஜூன் பிறந்துவிட்டால் பெரு நாட்டு லிமா நகரத்தின் தெற்கு மலைகளில் இருப்பவர்கள் சூரியனை மறந்துவிட வேண்டியதுதான். கடலிலிருந்து ஏறி வரும் மூடுபனி காலையில் வந்து உட்கார்ந்தால் பகலெல்லாம் எழுந்திருக்காது. அடுத்த வீட்டுக் கோழி கத்துவது காதில் விழும், கோழி கண்ணில் படாது. அந்த மாதங்களில்தான் செனோபியாவுக்கு வேலை அதிகம். இருமல், நனைந்த மெத்தை, வேலை போய் வீட்டில் உட்கார்ந்த புருஷன் எல்லாம் பனியோடு சேர்ந்தே மலையேறி வரும்.

செனோபியா கவானாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குள்ளம், கனத்த உடம்பு, மழுங்கின ரப்பர் பூட்ஸ். விடிகாலையில் பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டி போட்டு எமோலியென்தே விற்பாள். வாற்கோதுமையும் ஆளிவிதையும் மூலிகையும் போட்டுக் கொதிக்கவைத்த அந்தக் கஷாயத்தை ஒரு தம்ளர் குடிக்காமல் எங்கள் வியெந்தோ ஆல்தோ மலையிலிருந்து யாரும் வேலைக்கு இறங்குவதில்லை. கூட்டம் ஓய்ந்ததும் வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு மேலே ஏறிவிடுவாள். யாரும் அவளை அனுப்பவில்லை, யாரும் கூலி தரவில்லை. ஒவ்வொரு படலாக நின்று, "வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பாள். யாராவது எட்டிப் பார்த்தால், "எத்தன பேர் இருக்கீங்க?" என்பாள். அப்புறம் பேச்சு தானாக வளரும். எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போடுகிறார்கள், காசநோய்க்கு எங்கே மருந்து சும்மா கிடைக்கும், பங்குச் சாமியார் கம்பளி கொடுக்கிற நாள் எது என்று சொல்லிக்கொண்டே போவாள்.

அவள் அயாகூச்சோ மலைகளிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்த புதிதில், ஒரு வருஷம் முழுக்க வெறும் டீயும் ரொட்டியுமாக ஓட்டியிருக்கிறாள். மூன்று திருப்பம் கீழே பெண்கள் சேர்ந்து பொதுப்பானை வைத்துத் தெருவுக்கே சமைத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷத்துப் பசி போய்விட்டது, கோபம் மட்டும் போகவில்லை. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகும், தெரியாமல் பட்டினி கிடக்கிற வீடு ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நினைப்பு அவளை உட்காரவிடாது.

அந்த வருஷம் மலையின் உச்சியில் புதிதாகச் சிலர் குடிசை போட்டிருந்தார்கள். ஒட்டுப்பலகைச் சுவர், தகரக் கூரை, நீல நிறத் தண்ணீர் பீப்பாய். செனோபியா மூச்சு வாங்க ஏறி முதல் வீட்டுப் படலில் நின்றபோது, இடுப்பில் குழந்தையோடு ஒரு இளம்பெண் வந்தாள். பெயர் மில்கா.

"நான் செனோபியா. கீழ பொதுப்பானைப் பக்கம் இருக்கேன். உங்களுக்கு ஏதாச்சும்..."

"ஐயோ அக்கா, அதெல்லாம் அந்தம்மா வந்து சொல்லிட்டாங்களே!" என்று சிரித்தாள் மில்கா. "பானைக்குப் போகணும், தியோலிந்தாக்காவைக் கேக்கணும். பாப்பாவுக்குத் தடுப்பூசிக்கு சுகாதார நிலையம் போகணும். 'பச்சைக் கேட்டுப் பக்கம் போயிடாதே, அங்க நிக்கிற ஆளு சிடுமூஞ்சி. மூக்கில்லாத மாதா சிலைக்கிட்ட நின்னு எல்வா நர்ஸைக் கூப்பிடு.' எல்லாம் மனப்பாடம் அக்கா."

செனோபியாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. முதலில் வந்தது எரிச்சல்தான். தான் ஏறிவருவதற்கு முன்னால் இன்னொருத்தி ஏறிவிட்டாளா? அப்புறம்தான் அந்த வார்த்தைகள் உறைத்தன. சிடுமூஞ்சி, மூக்கில்லாத மாதா இரண்டும் அவள் வாயிலிருந்து வருகிற பேச்சு. அதுவும் பழைய பேச்சு. அந்த ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், மே பிறந்ததும் அந்தக் கேட்டுக்கு நீலப் பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள்.

"யாரந்த அம்மா? எப்படி இருப்பாங்க?"

மில்கா யோசித்தாள். "பார்த்ததில்லக்கா. பனிக்குள்ள படலுக்கு வெளியவே நிப்பாங்க. குரல்தான். கொஞ்சம் கரகரன்னு இருக்கும், பாவம், ரொம்ப இருமுவாங்க. உள்ள வாங்க, சூடா ஏதாச்சும் குடிங்கன்னு சொல்லிட்டுப் படலைத் திறந்தா போயிருப்பாங்க."

பக்கத்துக் குடிசையில் தனியாக இருந்த பெரியவர் அபுந்தியோவும் அதையே சொன்னார். சுரங்கத்தில் வேலை பார்த்துக் கண் பாதி போன மனுஷன்.

"உன்ன மாதிரிதான் தாயி, எத்தன பேர்னு கேப்பா. நான் ஒண்டிக்கட்டைன்னேன். 'சரி, பானையில ரெண்டு தட்டு வாங்குங்க, ஒண்ணு உங்களுக்கு, இன்னும் ஒண்ணு'ன்னா."

"இன்னும் ஒண்ணு யாருக்கு?"

"அதக் கேட்டா இருமல்தான் பதில்."

செனோபியா கீழே இறங்கிப் பானை வேகிற கொட்டகைக்குப் போனாள். தியோலிந்தா கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஆறடி உயரப் பெண்மணி. அவள் அதட்டினால் லாரிக்காரன்கூட வண்டியை ஓரம் கட்டுவான்.

"ஏய் செனோ, உன் மேல்மலைச் சொந்தக்காரங்களுக்கு வயிறு ரெண்டா?" என்று ஆரம்பித்தாள். "மூணு பேருன்னு சொல்லிட்டு நாலு தட்டு கேக்குறாங்க. அந்தக் கிழவன் தனியாளு, ரெண்டு கேக்குறான். இதுவும் நீ சொல்லிக்குடுத்த வித்தைதானா?"

"நான் இன்னைக்குத்தான் மேல போனேன். நீ யாரையாச்சும் அனுப்பினியா?"

"நான் ஏன் அனுப்பப் போறேன்? உன் ஒருத்தி வாயே எனக்கு ஜாஸ்தி." தியோலிந்தா சூப்பை ருசி பார்த்துவிட்டு உப்பு அள்ளிப் போட்டாள். "தேர்தல் வருதுல்ல. ஏதாச்சும் கட்சிக்காரியா இருக்கும். இல்லன்னா எந்த வீட்டுல ஆம்பள இல்லன்னு நோட்டம் பார்க்கிற திருட்டுக் கூட்டம்."

திருட்டுக் கூட்டம் என்றதும் செனோபியாவுக்கு மேல்வரிசை நினைவுக்கு வந்தது. மேலே பாதி வீடுகளில் பகலில் பெண்களும் குழந்தைகளும்தான். மறுநாளே மறுபடி ஏறி மில்காவிடம் கேட்டாள்.

"அந்த இன்னொரு தட்டை என்ன பண்றீங்க?"

"கடைசி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டைக் கல்லு இருக்குல்ல, அதுமேல வெச்சிட்டு வரச் சொன்னாங்க. எங்க வீட்டுக்கு வியாழக்கிழமை. தாத்தாவுக்கு வேற நாளு. அடுத்த வரிசைக்காரங்களுக்கு வேற நாளு. அவங்களுக்குத்தான்னு நினைச்சேன் அக்கா. இந்தக் குளிர்ல வீடு வீடா அலையறவங்க ஒரு வாய் சாப்பிட வேண்டாமா?"

"தட்டு திரும்பி வருதா?"

"மறுநாள் கல்லு மேலேயே இருக்கும். நக்கித் துடைச்சு வெச்ச மாதிரி. நாய் இழுத்துட்டுப் போனதே இல்ல, அதான் அதிசயம்."

கடைசி வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பாறைக்குப் பின்னால் ஒரு பழைய கொட்டில் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது, இவர்கள் வருவதற்கு முன்னாலேயே இருந்தது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை செனோபியா மில்காவின் வீட்டுக்குள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். நடுப்பகல்தான், ஆனால் வாசலுக்கு வெளியே பால் கொட்டினதுபோல ஒன்றும் தெரியவில்லை. கூரைகளின் மேல் கட்டிப்போட்டிருந்த நாய்கள் தண்ணீர் லாரிக்கும், சிலிண்டர்காரனுக்கும், செனோபியாவுக்கும்கூடக் குரைத்து ஓய்ந்திருந்தன. மில்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தாள். சட்டென்று அவள் கை நின்றது.

ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

"வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?"

படலுக்கு வெளியே, மிகப் பக்கத்தில். கரகரத்த குரல். செனோபியா எப்படி இழுத்துக் கேட்பாளோ அதே இழுப்பு. அதற்குப் பின்னால் ஈரமான, அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல்.

செனோபியா பாய்ந்து படலைத் திறந்தாள். ஆள் இல்லை. பாதையில் முதல்நாள் தூறலில் குழைந்த சேறு. அதில் மில்காவின் காலைநேரச் செருப்புத் தடத்தையும் தன் பூட்ஸ் தடத்தையும் தவிர வேறு தடம் இல்லை. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே குரல் அடுத்த வீட்டுக்கு மேலே கேட்டது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

"அக்கா, போகாதீங்க," என்றாள் மில்கா. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் அப்போதுதான் சேற்றைப் பார்க்கத் தோன்றியிருக்கிறது.

செனோபியா போனாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இருமலைக் கேட்டபின் அவளால் நிற்க முடியவில்லை. நோய்க்காரியின் இருமல் அது. வருஷக்கணக்காக அப்படிப்பட்ட இருமலைத் தேடித்தானே அவள் இந்த மலையில் ஏறி இறங்குகிறாள். "அம்மா, நில்லுங்க! நான் செனோபியா! கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினாள். குரல் நிற்காமல் முன்னால் போனது, பெரியவர் வீட்டைத் தாண்டி, வரிசையின் முடிவைத் தாண்டி. கடைசி வேலியில் கையூன்றி அவள் மூச்சு வாங்கியபோது, அது அவள் காதோரம் கேட்டது.

"எத்தன பேர் இருக்கீங்க?"

தன் கேள்வி தன்னிடமே வருகிறது. "நா... நான் ஒருத்திதான்," என்றாள் செனோபியா.

"இன்னும் ஒருத்தி இருக்கா."

அவ்வளவுதான். அதன்பிறகு பனி மட்டும்தான். சற்று நேரத்தில் கீழே எங்கோ ஒரு நாய் குரைக்க ஆரம்பித்தது, பிறகு எல்லா நாய்களும்.

வேலிக்கு அப்பால் தட்டைக் கல் இருந்தது. மில்கா காலையிலேயே வைத்துவிட்டுப் போன பருப்பும் சோறும் மூடின தட்டில் இருந்தன. கல்லுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், பாறையோடு ஒட்டின கொட்டில். செனோபியா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரின் அடியில் ஒட்டுப்பலகை அசைந்தது. பெயர்ந்த மூலை வழியாக ஒரு கை வெளியே வந்தது. மெலிந்து, சாம்பல் பூத்து, நகங்களில் அழுக்கேறிய கை. அது கல்லைத் தடவித் தட்டைத் தேடியது.

அவள் அலறவில்லை. அலறினால் கை உள்ளே போய்விடும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். மண்டியிட்டுத் தட்டை அந்தக் கையின் கீழே நகர்த்திவைத்தாள். விரல்கள் அவள் விரல்களில் பட்டன. குளிர்ந்திருந்தன, ஆனால் உயிருள்ள விரல்கள். கை வெடுக்கென்று உள்ளே போனது.

கொட்டிலின் கதவு வெளியிலிருந்து கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. செனோபியா கூப்பிட்டாள், தட்டினாள், உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பெரியவர் அபுந்தியோ தடி ஊன்றி வந்து குறடு கொடுத்தார், மில்காவும் வந்துவிட்டாள். கம்பியை அறுத்துக் கதவைத் தள்ளினார்கள். உள்ளே நாற்றம், இருட்டு, காலியான வறுத்த மக்காச்சோள மூட்டை, பாதிக்கும் கீழே இறங்கிவிட்ட தண்ணீர் பீப்பாய். மூலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தாள்.

"பயப்படாதே தாயி. யாரும்மா நீ?"

அவள் செனோபியாவின் உதடுகளையே பார்த்தாள். மில்கா அவள் காதோரம் கையைத் தட்டிப் பார்த்தாள், அவள் திரும்பவில்லை. காது கேட்காது, பேச்சும் இல்லை. செனோபியா இன்னும் கிட்டே போய்ப் பேசிக்கொண்டே உட்கார்ந்தபோது அந்தப் பெண் கையை நீட்டி, உள்ளங்கையை அவள் தொண்டையின்மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். தனக்குத் தெரிந்த அதிர்வு இது இல்லை என்பதுபோல. கையை எடுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள், சத்தமே இல்லாமல்.

"அப்போ அந்தக் குரல் இவளுது இல்ல," என்றாள் மில்கா. அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

கட்டிலுக்கு மேலே ஆணியில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. தேவாலய வாசலில் எடுத்தது. இந்தப் பெண்ணும் அவள் தோளை அணைத்தபடி ஒரு தாயும். செனோபியா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் மாதம் அந்தத் தாய் அவள் வண்டிக்கு வந்திருக்கிறாள். ஒரு தம்ளர் எமோலியென்தேயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வரிசையில் எல்லோரும் போகும்வரை நின்று, இருமி இருமிக் கேட்டிருக்கிறாள். எங்கே சாப்பாடு கிடைக்கும், எங்கே மருந்து கிடைக்கும், நேரில் வர முடியாதவங்களுக்கு யார் வாங்கித் தருவாங்க. பச்சைக் கேட்டு, மூக்கில்லாத மாதா எல்லாம் சொல்லிவிட்டு, எத்தனை பேர் என்று செனோபியா கேட்டதற்கு, "நானும் இன்னும் ஒருத்தியும்" என்றாள். வீடு எங்கே என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். பெயர் காசில்டா என்று மட்டும் சொன்னாள்.

அவளைப்பற்றி விசாரிக்க இரண்டு வாரம் ஆனது. செனோபியாவும் தியோலிந்தாவும் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தார்கள். கடைசியில் நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஒரு நர்ஸ் அடையாளம் கண்டாள். அன்றைக்கு அதே பஸ்ஸிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். நுரையீரல் முழுக்க நோய். மூன்று நாள் இருந்தாள்; மகளை லிடுவினா, லிடுவினா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், எங்கே இருக்கிறாள் என்று சொல்ல மூச்சு இல்லை. கேட்க யாரும் வராததால் பொதுக்குழியில் புதைத்துவிட்டார்கள்.

"எப்போ?" என்று கேட்டாள் தியோலிந்தா.

"ஏப்ரல் கடைசி."

மில்காவும் மற்றவர்களும் உச்சிக்குக் குடிவந்ததே மே மாதத்தில்தான். திரும்பும்போது பஸ்ஸில் தியோலிந்தா அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "நான் அந்த ரெண்டாவது தட்டுக்கு முணுமுணுத்தேனே செனோ, அவளுக்குக் கேட்டிருக்குமா?" என்றாள்.

"உன் முணுமுணுப்பு கடல் வரைக்கும் கேக்கும். ஆனா தட்டு குடுத்தியே, அதுவும் தெரிஞ்சிருக்கும்."

காசில்டா ஏன் கதவைக் கம்பியால் கட்டிவிட்டுப் போனாள் என்று சிலர் பேசினார்கள். காது கேளாத வயசுப் பெண்ணைப் பகலில் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாய் வேறு என்ன செய்வாள் என்று வேறு சிலர் பேசினார்கள். செனோபியா இரண்டு பக்கமும் சேரவில்லை. அவளுக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் வேறு ஒன்றை நினைத்து. பயமாக இருந்ததா என்று மில்கா கேட்டதற்கு அவள் சொன்னாள்: "பயம் போயிடுச்சு மில்கா. செத்தப்புறமும் ஒருத்தி வீடு வீடா நின்னு கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்ததேன்னு நினைச்சா, அதுதான் உள்ள என்னமோ பண்ணுது."

குரல் அதன்பிறகு வரவில்லை. கதவு திறந்த நாளோடு சரி. ஆனாலும் ஜூலை, ஆகஸ்ட் முழுவதும் மேல்வரிசைப் பெண்கள் நடுப்பகலில் நாய்கள் அடங்கும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்கள். பெரியவர் அபுந்தியோ மட்டும் வருத்தப்பட்டார். "நாலு வார்த்தை மரியாதையா பேசறவ. இந்த மலையில வேற யார் பேசறீங்க?" என்பார்.

லிடுவினா முதலில் செனோபியாவின் வீட்டில் இருந்தாள். அடையாள அட்டை இல்லாத பெண்ணுக்கு எதையும் வாங்குவது லேசில்லை. செனோபியா மாசக்கணக்காக அலுவலகப் படிகள் ஏறினாள். ஒரு படியில் "நாளைக்கு வாங்க" என்றவனிடம் தியோலிந்தா வந்து நின்றதும் அது அன்றைக்கே நடந்தது. கன்னிகாஸ்திரீகள் நடத்துகிற செவிடர் பள்ளியில் வாரத்தில் இரண்டு நாள் கைப்பேச்சு கற்றுக்கொள்ளச் சேர்த்தார்கள். மற்ற நாட்களில் பொதுப்பானைக் கொட்டகையில் காய் நறுக்குவாள். முதல் மாதம் யார் கதவைச் சாத்தினாலும் நடுங்கி எழுந்துவிடுவாள். அதனால் தியோலிந்தா கொட்டகைக் கதவைக் கழற்றி, அதை மேஜையாக்கிவிட்டாள். "காத்து வந்தா வரட்டும், சூப்பு சூடாத்தானே இருக்கு," என்றாள்.

நவம்பரில் பனி விலகியது. கல்லறைத் திருநாளன்று எங்கள் மலை முழுவதும் பீரும் சோறும் வாத்தியக்காரர்களுமாகக் கல்லறைக்குக் கிளம்பியது. காசில்டாவுக்குத் தனிக்குழி இல்லை. ஆனாலும் செனோபியா பொதுக்குழி இருக்கிற மேட்டில் ஒரு மரச்சிலுவை நட்டு, அவள் பெயரை எழுதவைத்தாள். மில்கா குழந்தையோடு வந்திருந்தாள், அபுந்தியோவைத் தியோலிந்தா கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். லிடுவினா சிலுவையை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லறையில் ஊதிக்கொண்டிருந்த வாத்தியக்காரர்களுக்கு செனோபியா காசு கொடுத்து இங்கே கூப்பிட்டாள்.

"இந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதேம்மா," என்றான் மேளக்காரன்.

"அவங்கம்மாவுக்குக் கேக்கும், வாசி," என்றாள் செனோபியா.

அவன் வாசிக்க ஆரம்பித்தான். லிடுவினா திரும்பிப் பார்த்தாள், எழுந்து போனாள், இரண்டு உள்ளங்கைகளையும் மேளத்தின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. தியோலிந்தா கூடையைத் திறந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டே, சூப் ஆறுவதற்குள் எல்லோரும் வந்து உட்காருங்கள் என்று அதட்டினாள்.